மணிக்கட்டில் புதுக் கயிறு

ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதில் எனக்கு ஒரு கைதேர்ச்சி உண்டு. சீட்டுக் கொடுக்கிற ஜன்னல் இரண்டு இருந்தால், கண்ணாடி போட்டவர் உட்கார்ந்திருக்கும் ஜன்னலுக்குப் போகக் கூடாது. அவர் ஒவ்வொரு எழுத்தையும் மூக்கு உரச வாசிப்பார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற ஆணுக்கு முன்னால் இருப்பவர்கள் வழி விடுவார்கள். பெண்ணுக்கு விட மாட்டார்கள். பெண் தூக்கிக்கொண்டு நின்றால் அது அவள் வேலை. ஆண் தூக்கிக்கொண்டு நின்றால் அது பாசம். என் தங்கைக்கு இதெல்லாம் தெரியாது. அதனால் அவள் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற பொறுப்பை முதல் நாளிலிருந்தே நான் எடுத்துக்கொண்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் மேஸ்திரி, ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கப்பட்ட வாய். கோவையாகவே சொல்லிவிடுவேன். நடுவில் கேள்வி கேட்டால்தான் தடம் மாறும்.

எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லை. தங்கை மகளைத்தான் பிள்ளையாக நினைத்தோம். அவளுக்குத் தெருவே வைத்த பேர் ரேடியோ. கண் விழித்ததிலிருந்து தூங்குகிறவரை வாய் ஓயாது. பூனை ஏன் கையைக் கழுவுவதில்லை, நேற்று எங்கே போனது, செத்தவர்களுக்குச் சளி பிடிக்குமா, இப்படி. தங்கை புருஷன் அதற்கு நேர் எதிர். நான் மேஸ்திரியாக இருக்கிற கொட்டகையில் என் கீழ்தான் வேலை செய்கிறான், நாள் முழுக்கச் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேச மாட்டான். அவனுடைய அக்கா, அதாவது என் தங்கையின் நாத்தனார், அவனை ஊமைக்கோட்டான் என்பாள். "இந்த ஊமைக்கோட்டானுக்கு எப்படிப்பா இந்த ரேடியோ பொறந்துச்சு?" என்று அவள் கேட்டால், "அத்தைய மாதிரி வாய்" என்று தங்கை முணுமுணுப்பாள். கேட்கிற மாதிரிதான் முணுமுணுப்பாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. வந்தால் முட்டியை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று முதலில் தங்கை நினைத்தாள், முதுகில் இரண்டு வைத்தாள். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. முகம் வெளுத்தது. சிலேட்டில் எழுதப் பழகியிருந்த எழுத்தைத் திரும்ப எழுதச் சொன்னால் குச்சியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதுவரை தொட்டதற்கெல்லாம் சிரித்த பிள்ளை, தொட்டால் கடித்தாள்.

ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பூச்சி என்றார் மருந்துக்கடைக்காரர். பூச்சி மருந்து கொடுத்தோம், பூச்சி வரவில்லை. சத்துக் குறைவு என்றாள் பள்ளிக்கூட ஆசிரியை. நாத்தனார் மட்டும் சந்தேகமே இல்லாமல் இருந்தாள். "புள்ள பயந்திருக்கு. எங்கயோ கூடாத இடத்துல மிதிச்சிருக்கு. இல்ல, எவளோ கண்ணு வெச்சிருக்கா. டாக்டருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவனுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு ஊசி, இன்னொண்ணு மாத்திரை." அவளே ஓதிக் கயிறு கட்டுகிற ஒரு பெரியவரைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். அவர் பிள்ளையின் உச்சந்தலையில் ஊதுவார், கையில் கறுப்புக் கயிறு கட்டுவார். நல்ல மனிதர்தான். தன் தொழிலில் முழு நம்பிக்கை உள்ளவர்.

தங்கைக்கு ஆஸ்பத்திரியிலும் நம்பிக்கை, கயிற்றிலும் நம்பிக்கை. எது கேட்கிறதோ கேட்கட்டும் என்று இருந்தாள். நான் இரண்டு பக்கமும் கூடவே போனேன். ஒரு நாள் வேலை விட்டால் ஒரு நாள் கூலி போகுமே அவளுக்கு. மேஸ்திரி நான், என்னை யார் கேட்பார்கள்? போகிற இடத்திலெல்லாம் பேசவும் ஒரு ஆள் வேண்டும். டாக்டரைக் கண்டால் தங்கைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவள் புருஷனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிள்ளைக்கு எப்போதிலிருந்து வலி, என்ன சாப்பிடுகிறாள், வீடு எங்கே, அப்பனுக்கு என்ன வேலை, எல்லாவற்றுக்கும் நான்தான் வாய்.

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்தவர், அவ்வளவுதான். "கல்யாணம் சொந்தத்துலயா?" என்று கேட்டார். தங்கை புருஷன் எங்களுக்கு ஒன்றுவிட்ட வகையில் ஏதோ முறை, தேடினால் கிடைக்கும். ஆமாம் என்றேன். அவர் பின்னால் நின்ற மாணவர்களைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாதி நோய்க்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. அப்புறம் பிள்ளையின் மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிறு அவர் கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"வீட்டுப் பொம்பளைங்க கட்டினாங்க சார்."

"இதுதான்யா உங்க கூட்டத்தோட பிரச்சினை. ஊதுறவன்கிட்ட எல்லாம் போயிட்டு, கடைசியா எங்கிட்ட வர்றது. நான் என்ன மந்திரவாதியா?"

அப்புறம் ஒரு பிரசங்கம். படிப்பறிவு, மூடநம்பிக்கை, நாடு எப்படி உருப்படும். மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பிரசங்கம் முடிந்தபோது நேரமும் முடிந்திருந்தது. அடுத்த ஆள் என்றார். அப்பனுக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவே இல்லை.

அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கயிற்றைப் பார்த்தால் டாக்டர் வேறெதையும் பார்க்க மாட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலும் பெரியவரிடம் போய்ப் புதுக் கயிறு ஒன்று கட்டிக்கொண்டுதான் போவேன். பழசு நைந்துபோயிருக்கும், கண்ணில் படாது. பெரியவரிடம் போகும்போது ஆஸ்பத்திரிச் சீட்டை அவர் பார்க்கிற மாதிரி சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். "அங்கயும் போறீங்களா?" என்று அவர் முகம் சுருங்கும். அந்த மருந்துச் சூடுதான் என் வேலையைக் கெடுக்கிறது என்பார், இன்னும் தடிமனாக ஒரு கயிறு கட்டுவார். அவரும் வேறெதுவும் கேட்க மாட்டார். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த கோபத்தில், பிள்ளையை இரண்டு பேருமே சரியாகப் பார்க்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கொட்டகையைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய பேட்டரிகள் லாரியில் வரும். கோடாலியால் மண்டையைப் பிளந்து, அமிலத்தைக் கொட்டிவிட்டு, உள்ளே இருக்கும் தகடுகளை உருவி எடுப்பார்கள். தங்கை வேலை அதுதான். தகடுகளைப் பெரிய இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி, மேலே மிதக்கும் கசடை வழித்துவிட்டு, அச்சில் ஊற்றினால் பாளம். தங்கை புருஷன் சட்டியில் நிற்பவன். நானும் மீசை முளைக்கிற வயதில் சட்டியில் நின்றவன்தான். இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. மாதத்துக்கு ஒரு தடவை மேஸ்திரி ஆட்களை வரிசையாக நிற்கவைத்துக் கீழுதட்டை இழுத்துப் பார்ப்பான், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி. ஈறோரம் நீலமாக ஒரு கோடு ஓடியிருந்தால், "மை தீட்டியிருக்கான்டா" என்று சிரிப்பார்கள். அவனை ஒரு மாதம் வெளிவேலைக்கு அனுப்பிவிடுவோம், லாரி ஏற்ற, இறக்க. வயிறு முறுக்குவது நிற்கும், கோடு மங்கும், திரும்பி வருவான். கேட்காமல் சட்டியிலேயே நின்றவர்களுக்குக் கை மணிக்கட்டோடு தொங்கிப்போகும், தூக்க முடியாது. ஆஸ்பத்திரி இல்லை, கயிறு இல்லை, உதட்டை இழுத்துப் பார்த்தால் தெரிந்துபோகும். தொழில் தெரிந்தவனுக்கு அவ்வளவு போதும். அது சட்டியில் நிற்பவனுக்கு வருகிற சங்கதி என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள், பிள்ளைகளின் உதட்டை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை.

ரேடியோவைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முந்தின வருஷம்வரை சட்டி ரோட்டோரம் இருந்தது. புகை கடைக்காரர்கள்மேல் அடித்தது, அவர்கள் புகார் கொடுத்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "எங்கயாவது உள்ள தள்ளு மேஸ்திரி, என் கண்ணுலயும் படக் கூடாது, ரோட்டுக்காரன் கண்ணுலயும் படக் கூடாது" என்றார். உள்ளே என்றால் எங்கே? கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள் குடியிருக்கிற அறைகள். யாராவது ஒருவர் வீட்டுச் சுவரோரம் வைத்தாக வேண்டும். அடுத்தவர் வீட்டுச் சுவரில் வைத்தால் சண்டைக்கு வருவார்கள், வாயில் விழுவேன். சொந்தத் தங்கை என்றால் பொறுத்துக்கொள்வாள். அண்ணன் செய்தால் காரணம் இருக்கும் என்று நினைப்பாள். அப்படித்தான் நினைத்தாள். "குளிருக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணே, செவுரு கதகதன்னு" என்றாள்.

அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் கட்டையில் சாம்பல் நிறத்தில் தூசி படியும். அங்கே உட்கார்ந்துதான் ரேடியோ வருகிறவன் போகிறவனை எல்லாம் கூப்பிட்டுப் பேசுவாள். ஒரு நாள் நான் போகும்போது விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, எங்க ஜன்னல் தித்திக்குது."

"என்னது?"

"நெசமா மாமா. மத்த வீட்டு ஜன்னலெல்லாம் நக்கிப் பாத்துட்டேன். ஒண்ணும் தித்திக்கல. எங்க ஜன்னல் மட்டுந்தான்."

பெருமையாகச் சொன்னாள். நான் அவள் வாயைத் துடைத்துவிட்டு, ஜன்னல் கட்டையை ஈரத் துணியால் அடிக்கடி துடைக்கச் சொல்லித் தங்கையிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வயிற்று வலிக்குப் பிறகு வலிப்பு வந்தது. நாத்தனார் இரும்புச் சாவியைக் கையில் திணித்துவிட்டு, "இப்பவாவது ஒத்துக்கறீங்களா? பாருங்க, கண்ணு மேல போகுது. இது நோயா?" என்று தெருவுக்கே சொன்னாள். பெரிய டாக்டர் நீளமாக ஒரு பேர் சொன்னார், எழுதியும் கொடுத்தார். தூங்கவைக்கிற மருந்து கொடுத்தார். தங்கைக்கு அந்தப் பேர் பெரிய ஆறுதல். தண்ணீர்க் குழாயடியில் எல்லோரிடமும் அதைச் சொல்லிப் பார்த்தாள், வாயில் நுழையாவிட்டாலும். "பேரு இருக்குல்ல அண்ணே? பேரு இருந்தா மருந்தும் இருக்கும்ல?" என்று என்னிடம் கேட்டாள். இருக்கும் என்றேன்.

அந்தப் பேருக்கு அர்த்தம் எனக்குச் சொன்னது சின்ன டாக்டர். படித்து முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்த பெண். பெரிய டாக்டர் இல்லாத ஒரு நாளில் பிள்ளையை அவள் பார்த்தாள். "அந்த நீளமான பேருக்கு, காரணம் தெரியலைன்னுதான் அர்த்தம். நாங்க தெரியலைன்னு சொல்ல மாட்டோம், இப்படிச் சொல்லுவோம்" என்று சிரித்தாள். தங்கையிடம் நான் அதைச் சொல்லவில்லை. எதற்கு அவள் மனதை உடைப்பானேன்?

சின்ன டாக்டர் கயிற்றைப் பார்த்தாள். திட்டவில்லை. "யாரு கட்டினது, அழகா முடிச்சுப் போட்டிருக்காங்களே" என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு அதைத் தள்ளிவிட்டு நாடி பிடித்தாள். முதல் முறையாகக் கயிறு பலிக்கவில்லை, எனக்கு உட்கார முடியவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா என்ன வேலை செய்யறார்?"

"கூலி வேலைம்மா."

"என்ன கூலி?"

"கெடைக்கிற கூலி. மூட்டை தூக்கறது, அது இது."

"வீட்டுப் பக்கத்துல பேட்டரி உடைக்கிறது, ஈயம் உருக்குறது, பெயின்ட் கம்பெனி, அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் ஊருக்கு வெளியில இருக்கும்மா. நாங்க இருக்கறது தெருவுக்குள்ள."

பொய் சொல்லும்போது முழுப் பொய் சொல்லக் கூடாது. நாங்கள் தெருவுக்குள்தான் இருக்கிறோம். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், ஆனாலும் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி எழுதினாள். அந்தச் சோதனை அங்கே கிடையாது. பெரிய ரோட்டில் ரத்தம் எடுக்கிற இடம் ஒன்று உண்டு, அங்கே போக வேண்டும். அப்படியே ரத்தம் என்ன வகை என்றும் பார்த்துவிடுங்கள் என்றாள்.

ஈயம் இருக்கிறது என்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நான் எப்போதும் யோசித்துத்தான் செய்வேன். சின்ன டாக்டர் எழுதுவாள். உங்களை மாதிரி ஒரு அதிகாரி வருவார். கொட்டகைக்குப் பூட்டு விழும். முப்பது நாற்பது குடும்பம் தெருவில் நிற்கும், அதில் என் தங்கை குடும்பமும் ஒன்று. ஒரு பிள்ளையின் வயிற்று வலிக்காக அத்தனை பேர் வயிற்றில் அடிப்பது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

எங்கள் தெரு முனையில் தையல்காரம்மா ஒருத்தி இருக்கிறாள், புருஷன் இல்லாதவள். அவள் மகளுக்கும் ரேடியோவின் வயதுதான், இரண்டு பேரும் கூட்டாளி. முனைவரைக்கும் புகை வராது, அந்தப் பிள்ளை குண்டுகுண்டென்று இருக்கும். "ஸ்கூல்ல ரத்த வகை கேக்கறாங்களாம், எங்க புள்ளைய கூட்டிட்டுப் போறேன், உங்க புள்ளையையும் சேத்துக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் மேஸ்திரி" என்றாள். ரேடியோவை மருந்து மயக்கத்தில் தூங்கவிட்டு, அந்தப் பிள்ளையை மட்டும் கூட்டிப்போனேன். வழியில் அவளிடம், இன்றைக்கு ஒரு விளையாட்டு, பேர் கேட்டால் நீ உன் கூட்டாளி பேரைச் சொல்லணும் என்றேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. ஊசி போட்டபோது கூட அழவில்லை, தன் கூட்டாளி அழ மாட்டாள் என்பதால் தானும் அழக் கூடாது என்று நினைத்தாளாம். ஒரு பலூன் வாங்கிக் கொடுத்தேன்.

சின்ன டாக்டர் முடிவை இரண்டு தடவை படித்தாள். "நான் நெனச்சது இல்ல" என்றாள். வருத்தத்தோடு சொன்னாள். தோற்றுப்போன முகம். அவளைத் தேற்ற வேண்டும் போல இருந்தது எனக்கு. "நீங்க ஒருத்தர்தாம்மா இவ்வளவு அக்கறையாப் பாத்தீங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அதன்பிறகு எல்லாம் அதன் போக்கில் போயிற்று. பெரிய டாக்டர் மருந்தின் அளவை ஏற்றினார். பெரியவர் கயிற்றின் அளவை ஏற்றினார். பிள்ளை நடந்தால் இடறினாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தக் கதகதப்பான சுவர்தான். பேச்சு குறைந்தது. முதலில் கேள்விகள் நின்றன. அப்புறம் பேர்கள் மறந்தன. ஒரு நாள் என்னைப் பார்த்து, "இது யாரு?" என்று தங்கையிடம் கேட்டாள். எனக்கு மனது கஷ்டமாக இருந்தது, மறைக்கவில்லை.

ரத்தம் குறைந்து மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் சிக்கல். ரத்தம் ஏற்ற வேண்டும் என்று திரும்ப வகை பார்த்தார்கள். பார்த்த பெண் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முந்தி வேற வகைன்னு எழுதியிருக்கே, ஒரு புள்ளைக்கு ரெண்டு ரத்தமா?" என்றாள். பெரிய டாக்டர் அவள்மேலேயே எரிந்து விழுந்தார். அந்தப் பெரிய ரோட்டுச் சோதனைக்காரன் ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டான், கழுதைகள், என்றார். எனக்கு அது போதும் என்று இருந்தது. ஆனால் நாத்தனார் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"ரத்தத்தையே மாத்திடுச்சா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். "நான் அப்பவே சொன்னேன். வயித்த முறுக்குச்சு, வாயக் கட்டுச்சு, இப்ப ரத்தத்தையே மாத்திடுச்சு. டாக்டரே சொல்லிட்டாரு." வாழ்நாளில் முதல் தடவையாக ஆஸ்பத்திரி சொன்னதை முழுசாக நம்பினாள். பெரியவரிடம் ஓடினாள். அவர் கண்ணை மூடி யோசித்து, பிள்ளைக்குத் துணி தைத்துக் கொடுத்த கை எது என்று கேட்டார். எல்லாப் பிள்ளைக்கும் துணி தைத்துக் கொடுத்த கை ஒன்றுதானே? அவள் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது, நம் பிள்ளை இப்படிக் கிடக்கிறது. புருஷன் இல்லாதவள் வேறு. தெருவுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

என்னிடம் வந்து கேட்டார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இருக்கலாம் என்றுதான் சொன்னேன். "ரத்தம் மாறியிருக்குன்னு டாக்டரே சொல்றாரு, அது பொய்யா இருக்குமா?" என்றேன். தையல்காரம்மாவுக்குத் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். கொடுத்திருந்ததைத் தைக்காமலே திரும்ப வாங்கிப் போனார்கள். குழாயடியில் அவள் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். எல்லாம் கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அவள் அடங்குகிறவள் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. அது ஒன்றுதான் நான் யோசிக்காமல் விட்டது. ஒரு நாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் கூட வாராமல் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். தங்கை, நாத்தனார், நான், கட்டிலில் பிள்ளை, சின்ன டாக்டர் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. நான் ஒரு ஊசியும் நூலும் வெச்சுப் பொழைக்கிறவ. நான் எப்படி இன்னொருத்தி புள்ளையோட ரத்தத்த மாத்துவேன்?"

"வெளிய போடி" என்றாள் நாத்தனார். "கண்ணு வெச்சது பத்தலைன்னு நேர்ல வந்து வேற பாக்குறியா?"

"உன் கண்ணைவிட என் கண்ணு ஒண்ணும் பெருசு இல்ல. தெருவுல யாரு வீட்டுல என்ன கொழம்புன்னு எட்டிப் பாக்குறது நீயா நானா?"

சின்ன டாக்டர் இரண்டு பேரையும் அதட்டினாள். அதற்குள் தையல்காரம்மாவின் பிள்ளை கட்டிலருகில் போய்க் கூட்டாளியின் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்து, "எனக்கும் இங்கதான் போட்டாங்க" என்று தன் கையைக் காட்டியது. யாரும் கவனிக்கவில்லை. சின்ன டாக்டர் மட்டும் குனிந்து, "உனக்கு எதுக்குடா போட்டாங்க?" என்று கேட்டாள்.

"இந்த மாமாதான் கூட்டிட்டுப் போனாரு. பெரிய ரோட்டுல. பேரு கேட்டா இவ பேரச் சொல்லச் சொன்னாரு. அன்னைக்கு நான்தான் இவ."

சின்ன டாக்டர் என்னைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் இருந்த பிள்ளையின் கீழுதட்டைக் கட்டை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தாள். எங்கள் கொட்டகை வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புத்தகத்திலும் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

தங்கை என்னை அடிக்கவில்லை. அழவும் இல்லை. "அண்ணே, அந்தப் புள்ள என்ன சொல்லுது?" என்றாள். நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாவற்றையும் எப்போதும் நான்தானே விளக்கிச் சொல்லியிருக்கிறேன்? அப்போதுதான் தங்கை புருஷன் பேசினான். மருந்து வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று கேட்டிருக்கிறான். "சட்டிய எங்க செவுத்துல வெச்சது அவருதான் டாக்டர்" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். ஈயம் என்று சின்ன டாக்டர் சொன்ன பிறகுதானே என்று எழுத நினைக்கிறீர்கள் போல. அப்படி எழுதினால் எனக்குச் சாதகம்தான், ஆனால் நான் நடந்ததைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். வயிற்று வலி வந்த புதிதில், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கெல்லாம் முன்னால், ரேடியோ என் மடியில் ஏறி உட்கார்ந்து, பல் ஆடுகிறது பார் மாமா என்றாள். பார்ப்பதற்காக உதட்டை இழுத்தேன். மை தீட்டியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு மாதம் வெளிவேலைக்குப் போ என்று சொல்லியிருப்பேன். அவளுக்கு என்ன வெளிவேலை இருக்கிறது? பல் நாளைக்கு விழுந்துவிடும் என்றேன். விழுந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் முதன்முதலாக ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன்.

இப்போது சரியான மருந்து கொடுக்கிறார்கள். ரத்தத்தில் ஈயம் இறங்கிக்கொண்டு வருகிறது என்கிறார்கள். போனது போனதுதான், திரும்ப வராது என்றும் சின்ன டாக்டர் சொல்லிவிட்டாள். உயிரோடு இருக்கிறாள். உட்கார வைத்தால் உட்காருகிறாள். ஊட்டினால் விழுங்குகிறாள். அமைதியான பிள்ளையாகிவிட்டாள். தெருவில் யாரும் அவளை ரேடியோ என்று கூப்பிடுவதில்லை. நாத்தனார் மட்டும் இன்னும் தையல்காரம்மாவோடு பேசுவதில்லை. ஈயமே அவள் கண்ணு வைத்ததால்தான் ஏறியது என்கிறாள்.

கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். நான் செய்தது எல்லாம் அந்தக் குடும்பங்களுக்காகத்தான் என்பதை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கேட்டீர்களே, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். வரிசையின் கடைசி வீடு என்னுடையது, அதற்குப் பின்னால் யாரும் குடியில்லாத காலி இடம் இருக்கிறது, வீட்டில் குழந்தையும் கிடையாது, சட்டியை ஏன் அங்கே வைக்கவில்லை என்று. நியாயமான கேள்வி. வைத்திருக்கலாம்தான். ஆனால் அந்தப் பக்கம்தான் என் மனைவி துணி காயப்போடுகிறாள் ஐயா. கரி படிந்தால் வெள்ளைச் சட்டை என்ன தேய்த்தாலும் வெளுக்காது.